உம்மாவின் நோட்டும் எங்கள் நோன்பும்



இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்களில் ஒருவர் வெளியூர்களிலும் வெளிநாட்டிலும் 34 ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலை பார்த்து, 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். மற்றவர் அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைக் காயல்பட்டினத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் கழித்து, இன்றுவரை ஓய்வு பெறாதவர். இந்தக் கடைசிச் செய்தி யாருடைய வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் நட்டப்பட்டுப் போவதைப் பற்றிய நபிமொழி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஜும்ஆ பயான்களில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் எங்களுக்கு ஓய்வு வந்து சேர்ந்தபோது ஆரோக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரையில் தொடங்கி, நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் என்னும் நிலைக்கு வந்துவிட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. மற்றவருக்கு இரண்டு முழங்கால்களும் ஒத்துழைக்காததால் நாற்காலியில் அமர்ந்து தொழுகை. இரண்டு கண்களிலும் புரை வேறு.

ஓய்வின் முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலுவலகக் கணக்கை எழுதிய கை வீட்டுக் கணக்கில் நுழைந்தது. எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது, வெங்காயம் வாரத்துக்கு எத்தனை கிலோ, குளியலறை விளக்கை அணைக்காமல் விட்டவர் யார் என்றெல்லாம் விசாரணை நடந்தது. சமையலறை டப்பாக்களில் பெயர்ச்சீட்டுகள் ஒட்டப்பட்டன. துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் சீட்டு மாறிப்போயிருந்ததை மட்டும் இங்கே குறிப்பிட்டு, மேலே செல்கிறோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, உள்ளறைப் பரணிலிருந்து உம்மாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். எங்கள் ஊர் வழக்கப்படி திருமணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். எனவே இது உம்மாவின் வீடு. பெட்டியும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இரண்டு வெள்ளைத் துப்பட்டிகள், ஒரு தஸ்பீஹ், வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த நீளமான கணக்கு நோட்டு ஒன்று. நோட்டு முழுவதும் அரபுத்தமிழ்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறோம். மொழி தமிழ், எழுத்து அரபு, அதுதான் அரபுத்தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். அரபியில் இல்லாத ப, ட, ங, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை விளக்கும் ‘மகானி’ என்னும் நூலை இந்த எழுத்தில்தான் எழுதினார்கள். பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்துப் படிக்காத பெண்கள் பலர் தைக்காவில் குர்ஆன் ஓதக் கற்று, அந்த எழுத்தறிவைக் கொண்டே இத்தகைய நூல்களை வாசித்தார்கள், கடிதம் எழுதினார்கள், கணக்கு வைத்தார்கள். உம்மா அவர்களில் ஒருவர். தமிழில் தம் பெயரை எழுத அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் ஒரு நோட்டு நிறையத் தமிழ் எழுதியிருக்கிறார்.

எங்களில் பெண்ணுக்குச் சிறுவயதில் உம்மா மடியில் கற்ற அரபுத்தமிழ் நினைவிலிருந்தது. ஆணுக்கு எழுத்தும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. ஆகவே அஸர் தொழுகைக்குப் பின் ஒருவர் வாசிக்க, மற்றவர் தமிழ் எழுத்தில் படியெடுப்பது என்று முடிவாயிற்று. அன்று முதல் எங்களுக்குள் ‘வாசிப்பவர்’, ‘எழுதுபவர்’ என்றே பெயர். இக்கட்டுரையிலும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

நாளுக்கு ஒரு பக்கம் கூட நகராது. அன்றாடக் குறிப்புகளில் ஜபர், ஜேர், பேஷ் போன்ற உயிர்க்குறிகளை உம்மா பெரும்பாலும் இட்டதில்லை. மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை ஊகிக்க வேண்டும். பிறப்பு, இறப்பு எல்லாம் ஹிஜ்ரி மாதத்தோடு குறிக்கப்பட்டிருந்தன. கொழும்பிலிருந்து வந்த பணம், கைம்மாற்றாகக் கொடுத்த அரிசி, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு, யார் வீட்டுக்குத் தட்டுச்சோறு அனுப்ப வேண்டும் என்ற நினைவுக்குறிப்பு என எல்லாமே இருந்தன. 1984ஆம் ஆண்டுப் பக்கமொன்றில், ‘மாப்பிள்ளைக்கு மீனில் முள் எடுக்கத் தெரியவில்லை, முள் குறைந்த மீன் வாங்க வேண்டும்’ என்றிருந்தது. அந்த மாப்பிள்ளையே 36 ஆண்டுகள் கழித்து அதைத் தம் கையால் படியெடுத்தார். தாம் சாப்பிட்ட சீலா மீனுக்கெல்லாம் காரணம் அன்றுதான் தெரிந்தது என்றார்.

இனி நோன்பின் கதைக்கு வருகிறோம்.

2024ஆம் ஆண்டு ஷஅபான் மாதப் பரிசோதனையில், இவ்வாண்டு நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதுபவரிடம் தெளிவாகச் சொன்னார். இன்சுலின் போட்டுக்கொள்பவர், சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது, வயது 66. பதின்மூன்றரை மணி நேரம் உணவும் நீரும் இன்றி இருப்பது ஆபத்து என்றார். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பாளி உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதையும் சொன்னார். எழுதுபவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வேறு பேச்சு.

அவருடைய வாதத்துக்கு ஆதாரம் உம்மாதான். “மாமி எழுபது வயதிலும் ஒரு நோன்பு விட்டதில்லை. நான் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை” என்றார். வாசிப்பவருக்கும் அதை மறுக்க வாயில்லை. உம்மாவின் இறுதி ஆண்டுகளில் நாங்கள் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருந்தோம். ரமழானில் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், “நோன்பு நல்லபடியாப் போகுது, அல்ஹம்துலில்லாஹ்” என்பார். அவர் வஃபாத்தான பிறகு அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் பெருமையோடு சொல்லியிருப்போம்! பிள்ளைகள் சோர்ந்துபோய் நோன்பை விடப் பார்த்தபோதெல்லாம் அவர்களிடமும் சொன்னோம்.

எழுதுபவர் நோன்பு வைத்தார். இன்சுலின் அளவைத் தாமாகவே கணக்குப் போட்டுக் குறைத்துக்கொண்டார். கணக்கு அவருக்குப் பழகிய வேலையல்லவா! பதினேழு நோன்புகள் கடந்தன. பதினெட்டாம் நோன்பன்று மாலை 5.45 மணிக்கு வாசிப்பவர் வாடை சுட்டுக்கொண்டிருந்தபோது, திண்ணையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. எவரும் இல்லாத இடத்தில் எழுதுபவர், வந்து சேராத ஒரு காசோலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 54.

சீனியைக் கரைத்துக்கொண்டு வந்து கொடுத்தபோது வாயை இறுக மூடிக்கொண்டார். அந்த நிலையிலும் அது நோன்பு என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. மகள் தலையைத் தாங்கிப் பிடிக்க, வாசிப்பவர் கன்னத்தை அழுத்தி ஊற்றினார். மயங்கியவர் வாயில் அப்படி ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று பின்னர் மருத்துவர் கண்டித்தார். அன்று அவர் முழுதாக மயங்கியிருக்கவில்லை; அல்லாஹ் காப்பாற்றினான். கால்மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. தெளிந்ததும் அவர் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. கேட்ட முதல் கேள்வி:

“மஃக்ரிபுக்கு நாற்பது நிமிஷம்தானே இருந்தது? பொறுக்க முடியவில்லையா?”

“நாற்பது நிமிஷம் பொறுத்திருந்தால் கபன் துணிதான் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.”

இருவருமே சொல்லியிருக்கக் கூடாத சொற்கள். பிறகு ஒன்பது நாட்கள் எங்களுக்குள் அவசியமான பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நோட்டும் திறக்கப்படவில்லை. ரியாத்தில் இருக்கும் மகனிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவைத்தோம். வீணாகக் கவலைப்படுவான், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்பான் என்பது எங்கள் நியாயம்.

மகளின் பிடிவாதத்தால் எஞ்சிய நோன்புகளை அவர் வைக்கவில்லை. ஆனால் பகலில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். மாலையில் எல்லோரும் கஞ்சிக்கு அமரும்போது தலைவலி என்று சொல்லி அறையில் படுத்துக்கொள்வார். பெருநாளுக்குப் பின் ஊர் ஆலிம் ஒருவரைச் சந்தித்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. குணமாகும் நோயென்றால் பின்னர் களாச் செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயென்றால் களா இல்லை, ஃபித்யா. நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து அளவு ஊரின் உணவுத் தானியம், நம் பக்கத்தில் அரிசி, ஏழைக்குக் கொடுக்க வேண்டும். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான் என்றார். எழுதுபவருக்குச் சட்டம் புரிந்தது, மனம்தான் ஒப்பவில்லை. வரும் வழியில் ஆட்டோவில், “சட்டம் சரிதான், மாமி வைத்தார்களே” என்று ஒருமுறை சொன்னார்.

அவ்வாண்டு ஜூலை மாதம் வாசிப்பவரின் இடக்கண்ணுக்குத் திருநெல்வேலியில் புரை அறுவை நடந்தது. அரைமணிக்கும் குறைந்த நேர வேலை. அதன் பின்னான கட்டுப்பாடுகள்தான் நீண்டவை. சொட்டுமருந்து வேளைக்கு விட வேண்டும், குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. அந்த வாரங்களில் எழுதுபவர் சமைத்தார். கடலைப் பருப்பில் சாம்பார் வைத்த அன்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய சீட்டை அவரே உரித்தெடுத்தார். சொட்டுமருந்தை ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். நாளுக்கு ஆறு முறை, மணிக்கணக்கு எழுதி வைத்து விட்டார். பேச்சும் பழையபடி அப்போதுதான் வந்தது.

கண் தெளிந்ததும் முதல் வேலையாக, முன்பு வாசிக்க முடியாமல் ஒதுக்கிய பதினொரு பக்கங்களை எடுத்தோம். கடைசிக் காலத்தில் எழுதியவை. கை நடுங்கிய எழுத்து. அவற்றில் ஒரு பக்கத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு பெருமிதமான முடிவு ஏற்கெனவே இருந்தது. அதில் ‘அரிசி’, ‘30 தாள்’, ‘முத்து’ என்னும் சொற்கள் மட்டும் புலப்பட்டிருந்தன. காயல் பழங்காலத்தில் முத்து வணிகத் துறைமுகமல்லவா? உம்மாவின் குடும்பத்தில் எவரோ செய்த முத்து வணிகத்தின் கணக்கு இது என்றும், முப்பது தாள் என்பது பற்றுச்சீட்டாக இருக்கலாம் என்றும் எழுதுபவர் தீர்மானித்து, மகனுக்கும் அறிவித்திருந்தார்.

அரபு எழுத்தில் சொல்லின் முதலில் வரும்போது தகரத்துக்கும் நகரத்துக்கும் வடிவம் ஒன்றே. மேலே இரண்டு புள்ளி இருந்தால் த, ஒரு புள்ளி இருந்தால் ந. புரை விழுந்த கண்ணுக்குத் தாளில் இருந்த ஒரு பழுப்புக் கறையும் புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. அன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வாசிப்பவர், “தாள் இல்லை, நாள்” என்றார்.

முப்பது நாள். அதற்கு மேல் வரியில் ‘நோன்பு’. முத்து, கடலில் எடுக்கும் முத்தல்ல. ஆலிம் சொன்ன அளவு. நாளுக்கு ஒரு முத்து அரிசி. கீழே வீடுகளின் பட்டியல்: கிணற்றடி வீடு, தைக்காவுக்குப் பின் வீடு, இன்னும் மூன்று வீடுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் சிறு கோடுகள். எண்ணினால் மொத்தம் முப்பது. பக்கத்தின் அடியில் இரண்டு வரி: ‘டாக்டர் விடச் சொன்னார். எல்லாம் கொடுத்தாச்சு, கடன் இல்லை.’

எழுதுபவர் பேனாவை மூடி வைத்தார். “இன்னொரு தடவை வாசி” என்றார். மூன்று முறை வாசிக்கச் சொன்னார். வாசிப்பவருக்கு மூன்றாம் முறை குரல் வரவில்லை. அவருடைய துயரம் வேறு. உம்மாவுக்கு அவ்வளவு முடியாமல் இருந்திருக்கிறது, தமக்குத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை பேசியும் தெரியவில்லை. உம்மா வஃபாத்தானது நெஞ்சு நோயில். அது திடீரென்று வந்ததாகத்தான் இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தோம்.

“நோன்பு நல்லபடியாப் போகுது என்று மாமி சொன்னார்களே?” என்று எழுதுபவர் வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

“நோன்பு என்றால் நம் பேச்சில் மாதத்தையும்தான் சொல்வோம். ரமழான் நல்லபடியாகப் போகிறது என்றிருக்கிறார்கள். உம்மா பொய் சொல்லவில்லை. நாம் கேட்டுக்கொண்டதுதான் வேறு.”

உம்மா எங்களிடம் மறைத்தது சரியா என்று இருவரும் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தது தாய் மனம் என்கிறார் எழுதுபவர். தெரிந்திருந்தால் அந்த ரமழானில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி வந்து உம்மாவோடு இருந்திருப்பேனே என்கிறார் வாசிப்பவர். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் இருவருக்கும் ரியாத் நினைவுக்கு வந்தது. அன்றிரவே மகனை அழைத்து, மார்ச் மாதத்தில் நடந்ததை ஆகஸ்ட் மாதத்தில் சொன்னோம். அவன் ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. மறுநாள் அழைத்து, சர்க்கரை அளவை வாரந்தோறும் தனக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டான். முத்து வணிகம் என்னவாயிற்று என்றும் கேட்டான்.

2025ஆம் ஆண்டு ரமழானில் எழுதுபவர் நோன்பு வைக்கவில்லை. நாளுக்கு முக்கால் கிலோ என்று தாராளமாகவே வைத்து, முப்பது நாளுக்கு 22.5 கிலோ கணக்கிட்டார். 25 கிலோ சாக்கு ஒன்றை வாங்கி, மீதியையும் சேர்த்தே கொடுப்பது என்று முடிவு செய்தார். வாரம் ஒருமுறை கழிந்த நாட்களுக்குரியதை அளந்து கட்டி, தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். உம்மாவின் பட்டியலில் இருந்த கிணற்றடி வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவர்களுக்கும் தேவை இருந்தது.

ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெந்நீர் வைப்பது அவர் பொறுப்பாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு உண்பது நின்றது. நோன்பாளிகள் எதிரில் உண்பதில்லை; ஆனால் ஒளிந்துகொள்வதும் இல்லை. மாலையில் பள்ளியிலிருந்து வரும் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, எல்லோரோடும் விரிப்பில் அமர்ந்தார். முதல் நாளே எட்டு வயதுப் பேரன் கேட்டுவிட்டான். எங்கள் ஊரில் தகப்பனார் வாப்பா, பாட்டனார்தான் அப்பா.

“அப்பா, நீங்க நோன்பா?”

அறையில் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினோம். “இல்லை வாப்பா. டாக்டர் விடச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலாக அப்பா அரிசி கொடுக்கிறேன்” என்றார்.

“எத்தனை கிலோ?”

கணக்கைச் சொன்னார். பேரன் விரலால் ஏதோ எண்ணிப் பார்த்தான். அடுத்த வாரம் சைக்கிளின் பின்னால் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன் என்று அவனே முன்வந்தான். இரவுத் தொழுகையில் எழுதுபவர் நெடுநேரம் அழுதார் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். நோன்பில்லாத ரமழான் எளிதாக இருந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஸஹரின் கடைசி மிடறு நீரும், பாங்குக்குக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடமும் ஐம்பது ஆண்டுகள் பழகியவை. இப்போதும் பாங்கு கேட்கும்போது அவர் கை பேரீச்சம்பழத்தை நோக்கிச் செல்கிறது. சர்க்கரைக் கணக்கைப் பார்த்து, பாதியை எடுத்துக்கொள்கிறார்.

நோட்டில் இன்னும் 42 பக்கங்கள் இருக்கின்றன. வாசிப்பவரின் வலக்கண் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். எழுதுபவர் அரபுத்தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கியிருக்கிறார், ழகரத்தில் தடுமாறுகிறார். உங்கள் துஆக்களில் எங்கள் இருவரையும், மர்ஹூமா உம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று முடித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், முதல் வரியிலேயே ‘மாப்பிள்ளை’ என்னும் சொல் தெளிவாகத் தெரிகிறது. மீதியை நாளை அஸருக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுபவர் அவசரமாக நோட்டை மூடிவிட்டார்.